கட்சியில்லாச் சபையும் சுதேச மக்களின் சம்மதமும்

மாணவர்களே, மனித உரிமைகள், ஜனநாயக ஆட்சி ஆகிய அலகுகளை உங்களிற் பலர் தனித்தனியே மனனஞ் செய்து வைத்திருக்கிறீர்கள். பிரகடனத்தின் பெயர், ஆண்டு, உறுப்புரைகளின் தொகை என்பவற்றை எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் "ஏற்றுக்கொள்ளப்பட்ட உரிமையொன்றை நடைமுறைப்படுத்தும்போது எழும் பிரச்சினைகளை உதாரணத்துடன் விளக்குக" என்று வினவப்பட்டால் பேனை நின்றுவிடுகிறது. அத்தகைய வினாவுக்குக் கைகொடுக்கக்கூடிய உதாரணம் ஒன்றை இங்கு நோக்குவோம். இது கனடாவின் வடமேற்கு ஆள்புலம் பற்றியது. அரசியற் கட்சிகளே இல்லாத ஒரு சட்டசபை, சுதேச மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தை நடைமுறைப்படுத்துவதற்கான சட்டத்தை 2023 ஒக்ரோபரில் அங்கு நிறைவேற்றியது.

இதனை எனது வகுப்பிற் படிப்பித்துவிட்டுச் சிறு பயிற்சி ஒன்று கொடுத்தேன். பெரும்பாலானோர் எழுதிய விடை இது: "சபையில் சுதேச மக்களைச் சேர்ந்த உறுப்பினர்கள் பலர் உள்ளனர். அங்கு தீர்மானங்கள் இணக்கத்துடன் எடுக்கப்படுகின்றன. ஆகவே சுதேச மக்களின் சம்மதம் கிடைத்துவிட்டது." பார்வைக்கு இது சரியான விடை போலவே தோன்றும். ஆனால் மூன்றாவது வாக்கியம் பிழையானது. அது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் இப்பாடம் முழுவதும் விளங்கிவிடும்.

இடமும் மக்களும்

வடமேற்கு ஆள்புலத்தின் பரப்பு சுமார் 13 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. ஆனால் 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 41,000 பேரளவினரே. அவர்களில் அரைவாசிப் பேர் தலைநகரான யெலோநைவில் வாழ்கின்றனர். ஏனையோர் காடு, ஏரி, ஆறுகளிடையே சிதறிக்கிடக்கும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றனர். சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசியினர் டெனே, இன்யுவியாலுயிட், மெட்டிஸ் முதலிய சுதேச மக்கள். அரசகரும மொழிகள் 11. அவற்றுள் ஆங்கிலம், பிரெஞ்சு தவிர்ந்த ஒன்பதும் சுதேச மொழிகளாகும்.

கனடாவில் மாகாணம் வேறு, ஆள்புலம் வேறு என்பதைக் கவனிக்குக. மாகாணங்களின் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்து வருகிறது. ஆள்புலத்தின் அதிகாரமோ கனடியப் பாராளுமன்றம் இயற்றிய சாதாரண சட்டம் ஒன்றிலிருந்து வருகிறது. 1967 வரை இப்பிரதேசம் பல்லாயிரம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒட்டாவாவிலிருந்தே நிருவகிக்கப்பட்டது. உறுப்பினர் அனைவரும் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை 1975 இலேயே அமைந்தது. காணி, நீர், கனியவளம் என்பவற்றின் நிருவாகம் ஆள்புல அரசிடம் கையளிக்கப்பட்டது 2014 ஏப்பிரல் 1 இல்.

அரசாங்கம் வருவதற்கு முன்பே மக்கள் அங்கிருந்தனர். அவர்களுடன் முடியரசு செய்துகொண்ட 8 ஆம் உடன்படிக்கை 1899 இலும், 11 ஆம் உடன்படிக்கை 1921 இலும் கைச்சாத்திடப்பட்டன. நிலம் தனக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றது அரசு. சமாதானத்துக்கும் நட்புக்குமே கைகொடுத்தோம் என்றனர் டெனே முதியவர்கள். ஒரே கடதாசிக்கு இரண்டு பொருள். சம்மதம் என்ற சொல்லில் அம்மக்கள் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணமாகும்.

1970களில் ஆர்க்டிக் கரையிலிருந்து மக்கென்சிப் பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் அமைக்கும் பாரிய திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. அதன் விளைவுகளை ஆராய நீதிபதி தோமஸ் பேர்கர் 1974 இல் நியமிக்கப்பட்டார். அவர் தலைநகரிலிருந்து அறிக்கை எழுதவில்லை. 35 குடியிருப்புகளுக்கு நேரிற் சென்றார். வேட்டைக்காரரும் மீனவரும் தாய்மாரும் தத்தம் மொழியில் சாட்சியம் அளித்தனர். நிலம் பற்றிய கோரிக்கைகள் தீர்க்கப்படும்வரை திட்டத்தை 10 ஆண்டுகளுக்கு ஒத்திவைக்குமாறு 1977 இல் அவர் விதந்துரைத்தார். "முதலில் மக்களைக் கேள்" என்ற எண்ணம் அரசியலில் வேரூன்ற இவ்விசாரணை பெரிதும் உதவியது எனலாம்.

அதன் பின்னர் நவீன நில உடன்படிக்கைகள் ஏற்பட்டன. இன்யுவியாலுயிட் மக்கள் 1984 இலும், குவிச்சின் மக்கள் 1992 இலும், சாத்து டெனே மற்றும் மெட்டிஸ் மக்கள் 1993 இலும் உடன்படிக்கை செய்தனர். திலிச்சோ மக்களின் உடன்படிக்கை 2003 இற் கைச்சாத்தாகி 2005 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்மூலம் அவர்கள் சுமார் 39,000 சதுர கிலோமீற்றர் நிலத்தின் உரிமையையும், சட்டம் இயற்றும் அதிகாரம் கொண்ட சொந்த அரசாங்கத்தையும் பெற்றனர். இவ்வுடன்படிக்கை உரிமைகள் கனடாவின் 1982 ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35 ஆம் பிரிவினாற் பாதுகாக்கப்படுபவை. ஆக, சாதாரண சட்டத்தினால் உருவான ஆள்புல அரசு, அரசியலமைப்புப் பாதுகாப்புள்ள உரிமைகளையுடைய சுதேச அரசுகளுடன் ஒரே நிலத்தில் இயங்குகிறது. யார் பெரியவர் என்ற கேள்விக்கு இங்கே இலகுவான விடை கிடையாது.

கட்சிகள் இல்லாத சபை

சட்டசபையில் 19 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டியிட்டு ஒவ்வொரு தொகுதியிலிருந்து தெரிவாகின்றனர். தேர்தல் முடிந்ததும் இந்த 19 பேரும் கூடிச் சபாநாயகரையும், பிரீமியர் எனப்படும் அரசாங்கத் தலைவரையும், ஆறு அமைச்சர்களையும் தமக்குள்ளிருந்தே தெரிவுசெய்கின்றனர். பிரீமியரும் அமைச்சர்களும் இரகசிய வாக்கெடுப்பின் மூலமே தெரிவாவர். எஞ்சிய 11 பேரும் சாதாரண உறுப்பினர்கள். அவர்கள் எதிர்க்கட்சியல்லர், நிலையியற் குழுக்களில் இருந்து சட்டமூலங்களையும் வரவுசெலவுத் திட்டத்தையும் பரிசீலிப்பர். 1993 இல் திறக்கப்பட்ட சபைக் கட்டடத்தில் ஆசனங்கள் வட்டமாகவே இடப்பட்டுள்ளன. அரச தரப்பும் எதிர்த்தரப்பும் எதிரும் புதிருமாக இருக்கும் நமது பாராளுமன்றப் படத்தை மனதிற்கொண்டு இதனைப் பார்த்தால் விளங்காது.

வரலாற்றுப் பாடத்தை நன்றாகப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். டொனமூர் யாப்பின்கீழ் 1931 முதல் 1947 வரை இலங்கையில் இயங்கிய அரசாங்க சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவும் தனது தலைவரைத் தெரிவுசெய்ய, அவர் அமைச்சரானார். அங்கும் அமைச்சர்கள் ஒரு கட்சியின் பெயரால் வரவில்லை. இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட வேண்டாம். கட்சிமுறை இன்றியும் அமைச்சரவை அமையலாம் என்பதற்கு மட்டும் இந்த ஒப்பீடு போதுமானது.

"இணக்க ஆட்சி" என்று இதனை அழைப்பர். இணக்கம் என்றால் ஏகமனதான முடிவு என்று பொருளல்ல. கலந்து பேசிப் பெரும்பாலானோர் ஏற்கும் முடிவுக்கு வர முயல்வதே இணக்கம், முடியாவிடின் வாக்கெடுப்புதான். சட்டமூலம் நிறைவேறச் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சிறு கணக்குப் பாருங்கள். சபாநாயகரைத் தவிர்த்தால் வாக்களிப்போர் 18 பேர். பெரும்பான்மைக்கு 10 வாக்குகள் வேண்டும். பிரீமியரும் அமைச்சர்களுமாக இருப்பதோ 7 பேர். எனவே எந்த விடயத்திலும் சாதாரண உறுப்பினர்களுள் குறைந்தது மூவரின் ஆதரவையாவது அமைச்சரவை பெறவேண்டும். அமைச்சரை நீக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. 2020 இல் ஓர் அமைச்சர் அவ்வாறு நீக்கப்பட்டார். இந்த 7, 11 என்ற எண்களை மறக்க வேண்டாம். பின்னர் தேவைப்படும்.

பிரகடனமும் சட்டமும்

சுதேச மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் 2007 செப்ரெம்பர் 13 இல் ஐ.நா. பொதுச் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆதரவாக 144 நாடுகள் வாக்களித்தன. இலங்கையும் அவற்றுள் ஒன்று. எதிர்த்தவை நான்கு: அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா. 11 நாடுகள் வாக்களிப்பைத் தவிர்த்தன. எதிர்த்து வாக்களித்த கனடாவே பின்னர் மனம் மாறி, 2021 இல் இதனை நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே 2019 இல் பிரித்தானியக் கொலம்பியா மாகாணம் தனது சட்டத்தை இயற்றியிருந்தது. வதிவிடப் பாடசாலைகளிற் சுதேசப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2015 இல் 94 கோரிக்கைகளை முன்வைத்தது. பிரகடனத்தை எல்லா மட்ட அரசாங்கங்களும் முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

பிரகடனத்தில் 46 உறுப்புரைகள் உள்ளன. எமக்கு இங்கு முக்கியமானது 19 ஆம் உறுப்புரை. சுதேச மக்களைப் பாதிக்கக்கூடிய சட்டங்களை ஏற்படுத்து முன்னர், அவர்களது சுதந்திரமான, முன்கூட்டிய, விபரமறிந்த சம்மதத்தைப் பெறும்பொருட்டு, அவர்களின் சொந்தப் பிரதிநிதித்துவ நிறுவனங்களினூடாக அரசுகள் நல்லெண்ணத்துடன் கலந்தாலோசித்து ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். "சொந்தப் பிரதிநிதித்துவ நிறுவனங்களினூடாக" என்ற தொடரின் கீழ் கோடிட்டுக்கொள்ளுங்கள். மேலே காட்டிய பிழையான விடை இந்தத் தொடரில்தான் தடுக்கி விழுகிறது.

மொன்ப்வி என்ற தொகுதியை எடுத்துக்கொள்வோம். திலிச்சோ மக்களின் நான்கு குடியிருப்புகளும் இத்தொகுதிக்குள் அடங்குகின்றன. அங்கிருந்து தெரிவாகும் உறுப்பினர் அத்தொகுதி வாக்காளர் அனைவரினதும் பிரதிநிதி. அவர் அமைச்சரானால் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். ஆள்புலம் முழுவதற்குமான வைத்தியசாலை, வீதி, பாடசாலை என்பவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியவர். திலிச்சோ அரசாங்கத்துக்கோ தனியான பெருந்தலைவரும் தனியான மன்றமும் உண்டு. உடன்படிக்கையின்படி திலிச்சோ மக்களின் சார்பில் பேசும் அதிகாரம் அந்த அரசாங்கத்துக்குரியது. சட்டசபை உறுப்பினர் திலிச்சோவாகவே இருக்கலாம், பெருந்தலைவரின் அயல்வீட்டவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் சபையில் "ஆம்" என்று வாக்களிப்பது திலிச்சோ அரசாங்கத்தின் சம்மதம் ஆகாது. சபைக்குள் ஏற்படுவது உறுப்பினர்களுக்கிடையிலான இணக்கம். பிரகடனம் கேட்பது அரசாங்கங்களுக்கிடையிலான சம்மதம். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

இதனை ஆள்புல அரசும் உணர்ந்தே செயற்பட்டது. 2023 ஆம் ஆண்டுச் சட்டம் சுதேச அரசுகளுடன் சேர்ந்து வரையப்பட்டது. அச்சட்டத்தின்படி ஆள்புலச் சட்டங்கள் பிரகடனத்துடன் ஒத்திருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். புதிய சட்டமூலங்கள் அவ்வாறு ஒத்திருக்கின்றனவா என்பது பற்றிய கூற்று சமர்ப்பிக்கப்பட வேண்டும். சுதேச அரசுகளுடன் இணைந்து செயற்றிட்டம் தயாரிக்கப்பட வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சுதேச அரசுகளுடன் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கும் அதில் வழிசெய்யப்பட்டுள்ளது. கனடாவின் மூன்று ஆள்புலங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது இதுவே.

நடைமுறையில் எழும் சிக்கல்கள்

முதலாவது, சட்டமூலத்தை யார் முதலிற் பார்ப்பது? இணக்க ஆட்சியின் உயிர்நாடி என்னவெனில், அமைச்சரவை தனது வரைவுகளைச் சாதாரண உறுப்பினர்களுக்கு இரகசியமாக முன்கூட்டியே காட்டுவதாகும். அதனால்தான் கட்சியில்லாமலும் நம்பிக்கை நிலைக்கிறது. ஆனால் சுதேச அரசுகளுடன் சேர்ந்து சட்டம் வரையும்போது, சபைக்கு வெளியேயுள்ளவர்கள் சபை உறுப்பினர்களுக்கு முன்பே அதன் ஒவ்வொரு வரியையும் அறிந்துவிடுகின்றனர். "மக்கள் தெரிவுசெய்த எம்மைவிட அவர்கள் முதலில் பார்ப்பதா?" என்று சாதாரண உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். "எமது நிலம் பற்றிய சட்டத்தை நாம் கடைசியில் பார்ப்பதா?" என்று சுதேச அரசு கேட்கலாம். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. காணி, கனியவளச் சட்டங்களை ஒன்றாக வரைவதற்கான நடைமுறை விதிகளை ஆள்புல அரசும், அதிகாரக் கையளிப்பில் இணைந்த சுதேச அரசுகளும் 2020 இல் உடன்பட்டு எழுதிக்கொண்டமை இச்சிக்கலைக் குறைக்கும் முயற்சியாகும்.

இரண்டாவது சிக்கலுக்குத்தான் 7, 11 என்ற எண்கள் வேண்டும். அமைச்சர்கள் சுதேச அரசுகளுடன் மாதக்கணக்கிற் பேசி ஒரு வாசகத்துக்கு உடன்படுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். அது சபைக்கு வந்ததும் 11 பேரின் பெரும்பான்மை உள்ள குழு அவ்வாசகத்தைத் திருத்த விரும்பலாம். திருத்துவது சபையின் உரிமை. திருத்தினாலோ, சம்மதிக்கப்பட்ட சட்டம் அதுவல்லாது போய்விடும். கட்சி ஆட்சியில் பிரதமர் தனது பெரும்பான்மையைக் கொண்டு வாக்குறுதியை நிறைவேற்றலாம். இங்கு அமைச்சரவை எப்போதும் சிறுபான்மை. ஆகவே வாக்குறுதி அளிக்கும் வலுவும் குறைவு. என்னைப் பொறுத்தவரை இதுவே மிகக் கடினமான முடிச்சு. குழு திருத்த நினைக்கும் போது சுதேச அரசுகளிடம் மீண்டும் சென்று கேட்பதற்கு நேரம் ஒதுக்கினால் மட்டுமே இதனை அவிழ்க்கலாம். பதவிக்காலம் முடியும் தறுவாயில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

பதவிக்காலம் என்றதும் மற்றொன்று. சட்டம் நிறைவேறியது 2023 ஒக்ரோபரில். தேர்தல் நடந்தது நவம்பர் 14 இல். காட்டுத்தீ காரணமாக மக்கள் வெளியேற்றப்பட்டதால் அத்தேர்தல் ஒக்ரோபரிலிருந்து பின்போடப்பட்டது. டிசெம்பரில் ஆர்.ஜே. சிம்சன் பிரீமியராகத் தெரிவானார். அதாவது சட்டத்தை இயற்றிய சபை வேறு, செயற்படுத்த வந்த சபை வேறு. கட்சி இருந்திருந்தால் அதன் விஞ்ஞாபனம் தொடர்ச்சியைப் பேணியிருக்கும். கட்சியில்லாச் சபையில் 19 பேரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கூடித் தமது முன்னுரிமைகளை வகுக்கின்றனர். அதனாற்றான் எண்ணமாக விட்டுவிடாமல் சட்டமாக எழுதிவைத்தார்கள்.

அடுத்தது ஒட்டாவாவின் சட்டங்கள். மக்கென்சிப் பள்ளத்தாக்கில் நிலம், நீர் தொடர்பான அனுமதிகளைப் பரிசீலிக்கும் சபைகள், 1998 ஆம் ஆண்டின் கனடியப் பாராளுமன்றச் சட்டமொன்றின்கீழ் இயங்குகின்றன. அவற்றில் சுதேச அரசுகள் பெயர்குறித்து அனுப்பும் உறுப்பினரும் உள்ளனர். இது சிறந்த ஏற்பாடுதான். எனினும் அச்சட்டத்தை மாற்றுவது ஆள்புலச் சபையின் கையில் இல்லை. சிறிய சுதேச அரசுகளின் ஆளணிப் பற்றாக்குறையையும் இத்துடன் ஒரு வரியிற் குறிப்பிடலாம்: சில நூறு பேர் வாழும் குடியிருப்பின் அலுவலகம் ஒன்றிடம் பல சட்ட வரைவுகளை ஒரே காலத்தில் அனுப்பிக் கருத்துக் கேட்டால், அது கேட்டதாகக் கணக்கில் வருமே தவிர விபரமறிந்த சம்மதமாக வராது. டேச்சோ, அக்கைட்சோ பகுதிகளில் நிலப் பேச்சுவார்த்தைகள் பல தசாப்தங்களாக இழுபட்டு வந்துள்ளன என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பிள்ளைகள் பற்றிய சட்டம்

சட்டம் ஒன்றினால் வீட்டுக்குள் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு இந்த உதாரணம். சுதேசக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை அரச பராமரிப்புக்கு எடுப்பது கனடா முழுவதிலும் ஆறாத காயமாகும். முன்பு வதிவிடப் பாடசாலை. பின்பு வளர்ப்பு வீடு. 2019 இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டமொன்று, பிள்ளைகளின் நலன் பற்றிச் சுதேச மக்கள் தாமே சட்டம் இயற்றும் அதிகாரத்தை உறுதிசெய்தது. அதன்படி இன்யுவியாலுயிட் மக்கள் 2021 நவம்பரில் தமது சொந்தச் சட்டத்தை இயற்றினர். பிள்ளை ஒன்றைப் பற்றி முடிவெடுக்கும்போது உறவினர், மொழி, பண்பாடு என்பவை முதலிடம் பெறவேண்டும் என்பதே இத்தகைய சட்டங்களின் நோக்கம். ஆள்புல அரசின் சட்டமும் இதுவும் முரண்பட்டால், அந்தக் கனடியச் சட்டத்தின் விதிகளுக்கு அமையச் சுதேசச் சட்டமே மேலோங்கும். கியூபெக் மாகாணம் இதனை எதிர்த்து வழக்காடியது. 2024 பெப்ரவரியில் கனடாவின் உயர் நீதிமன்றம் அக்கனடியச் சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது.

ஆகவே ஆள்புலத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர், ஒரு பிள்ளையின் கோவையைத் திறக்கும்போது எந்தச் சட்டத்தைப் பின்பற்றுவது, யாருக்கு அறிவிப்பது என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நடைமுறைப்படுத்தல் என்பது சபையிற் கையுயர்த்துவதுடன் முடிவதில்லை. இந்தக் கோவை மேசையில்தான் அது நடக்கிறது.

சம்மதம் தடுப்பதிகாரமா?

இது கெட்டிக்கார மாணவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்வி. ஒரு சுதேச அரசு சம்மதிக்காவிட்டால் சட்டமே நின்றுவிடுமா? பிரகடனத்தில் தடுப்பதிகாரம் என்ற சொல் இல்லை. சம்மதத்தைப் பெறும்பொருட்டு நல்லெண்ணத்துடன் முயலவேண்டும் என்றே 19 ஆம் உறுப்புரை கூறுகிறது. மறுபுறம், "கேட்டோம், மறுத்தார்கள், செய்துவிட்டோம்" என்பதும் நல்லெண்ண முயற்சியாகாது. மறுப்புக்கான காரணத்தைக் கேட்டுத் திட்டத்தை மாற்றிப் பார்த்ததற்குச் சான்று இருக்க வேண்டும். விடை எழுதும்போது "தடுப்பதிகாரம் உண்டு" என்றோ "வெறும் ஆலோசனைதான்" என்றோ ஒரே அடியாக எழுதாது, இந்த இடைநிலையை இரண்டு வாக்கியங்களில் விளக்குங்கள்.

பயிற்சி வினா

வடமேற்கு ஆள்புலத்தின் சட்டசபை, ஒரு காணிச் சட்டமூலத்தை 18 இற்கு 0 என்ற வாக்குகளால் நிறைவேற்றுகிறது என வைத்துக்கொள்வோம். அப்பகுதியின் சுதேச அரசாங்கம் அதன் இறுதி வரைவைப் பார்க்கவில்லை.

(அ) இங்கு இணக்கம் ஏற்பட்டுள்ளதா? (2 புள்ளி)
(ஆ) இங்கு சம்மதம் பெறப்பட்டுள்ளதா? பிரகடனத்தின் பொருத்தமான உறுப்புரையைக் குறிப்பிட்டுக் காரணங் கூறுக. (4 புள்ளி)
(இ) சட்டமூலத்தை முன்வைத்த அமைச்சர் நீங்களாயின், வாக்கெடுப்புக்கு முன்னர் எடுத்திருக்கக்கூடிய இரு நடவடிக்கைகளை விளக்குக. (4 புள்ளி)

(இ) பகுதிக்கு விடையளிக்கும்போது அமைச்சரவையிடம் 7 வாக்குகள் மட்டுமே உள்ளன என்பதைக் கருத்திற் கொள்க.